அமெரிக்கக் கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் ரசிகர்கள் ஏன் வியாழக்கிழமையே அழுகிறார்கள்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப் வீடியோக்கள் சில பார்த்தேன். 200-க்கு 197.5 எடுத்த அணியின் ரசிகர்கள் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறார்கள். 197.25 எடுத்த அணியின் ரசிகர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். எதிரணிப் பெண் நன்றாகச் செய்தாலும் கைதட்டுகிறார்கள், நடுவர்களை மட்டும் விடாமல் திட்டுகிறார்கள். இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

நீங்கள் சொல்வது 2025 ஏப்ரலில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் நடந்த போட்டியாகத்தான் இருக்கும். 197.525 எடுத்தது எல்எஸ்யூ, அதாவது லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி. 197.25 எடுத்தது மிசௌரி. குறைவாக எடுத்த மிசௌரிக்கு நாட்டிலேயே மூன்றாம் இடம். அதிகமாக எடுத்த எல்எஸ்யூ இறுதிப் போட்டிக்கே வரவில்லை. காரணம், எல்எஸ்யூவின் மதிப்பெண் வியாழக்கிழமை அரையிறுதியில் வந்தது, மிசௌரியுடையது சனிக்கிழமை இறுதிப் போட்டியில் வந்தது. இந்த இரண்டு நாள் வித்தியாசம் புரிந்தால் ரசிகர்களின் பாதி அழுகைக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு மதிப்பெண் போடும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மதிப்பெண். நம்மில் பலருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் புரொடுனோவா என்ற மிகக் கடினமான வால்ட் செய்து நான்காம் இடம் பிடித்த தீபா கர்மாகர்தான் நினைவுக்கு வருவார். அவர் வாங்கிய மதிப்பெண் 15.066. சர்வதேசப் போட்டிகளில் 2006 முதல் கடினத்துக்குத் தனி மதிப்பெண், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் உயிரைப் பணயம் வைத்தாவது கடினமானதைச் செய்யத் தோன்றும். அமெரிக்கக் கல்லூரிகள் அந்தப் பக்கம் போகவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கோமனேச்சி வாங்கினாரே, அந்தப் பழைய 10-ஐ இன்றும் வைத்திருக்கிறார்கள். ஓரளவு கடினம் இருந்தாலே 10-லிருந்து தொடங்கலாம். அதன்பிறகு எல்லாமே கழித்தல்தான். இறங்கும்போது கால் லேசாக நகர்ந்தால் 0.05, சின்னதாக ஒரு எட்டு வைத்தால் 0.1, விழுந்தால் 0.5.

ஒவ்வொரு கருவியிலும் ஓர் அணியிலிருந்து ஆறு பேர் ஏறுவார்கள், அதில் சிறந்த ஐந்து பேரின் மதிப்பெண் மட்டும் கணக்கில் வரும். வால்ட் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டுவது), பார்ஸ் (உயரம் வேறான இரண்டு கம்பிகள்), பீம் (ஒடுங்கிய நீளக் கட்டை), ஃப்ளோர் (இசையோடு தரையில் ஆடுவது) என நான்கு கருவி, ஐந்து பேர், ஆளுக்குப் பத்து. ஆக மொத்தம் 200. தேசியப் போட்டியில் 198-ஐத் தொட்டால் பட்டத்தை எட்டிப் பிடித்துவிடலாம் என்ற நிலை. ஆறாவது மதிப்பெண் கழிந்துவிடும் என்பதால் ஒரு பெண் விழுந்தாலும் அணி தப்பிக்கும். இரண்டாவதாக இன்னொருத்தி விழுந்தால் அந்த 0.5 அப்படியே மொத்தத்தில் விழும். அதனால்தான் முதல் விழுகையில் அரங்கம் ஒரு மூச்சு இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அடுத்த பெண் பீமில் ஏறும்போது யாரும் பேசுவதில்லை. பத்து சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரம். அவள் கால் கட்டைவிரல் பீமின் விளிம்பைப் பிடித்துக்கொள்வதைக்கூட முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கலாம்.

இந்தக் கணக்கு ரசிகர்களை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு 2018 இறுதிப் போட்டியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. செயின்ட் லூயிஸில் நடந்தது. யூசிஎல்ஏ, அதாவது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கடைசிச் சுற்றை பீமில் முடிக்கிறது. கடைசியாக ஏறுபவர் கிறிஸ்டின் பெங்-பெங் லீ, கனடாக்காரர். 2012 லண்டன் ஒலிம்பிக்கை முழங்கால் தசைநார் கிழிந்து இழந்தவர், பிறகு அதே காயம் இன்னொரு முறையும் வந்தது. ஆறு ஆண்டுகள் கல்லூரியில் இருந்து, அன்றுதான் வாழ்க்கையின் கடைசி ரொட்டீன். எதிரணியான ஓக்லஹோமாவின் மொத்தம் 198.0375. லீ வாங்கியது 10. யூசிஎல்ஏ 198.075-இல் வென்றது. இப்போது கழித்துப் பாருங்கள். அவர் 9.95 வாங்கியிருந்தால் 198.025. தோல்வி! 9.95 என்பது எந்த நாளிலும் அருமையான மதிப்பெண். குதிகால் ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். அவர் இறங்கிய கணத்தில் எழுந்த சத்தத்தில் மகிழ்ச்சி பாதி, மனக்கணக்கு பாதி. இந்த விளையாட்டின் பழைய ரசிகர்கள் கையில் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே விடை தெரிந்துவிடுகிறது அவர்களுக்கு.

சரி, இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம்.

2018 வரை இறுதிப் போட்டியில் ஆறு அணிகள். 2019 முதல் நான்குதான். நான்கு கருவிகளில் நான்கு அணிகள் ஒரே நேரத்தில் சுற்றும், எந்த அணிக்கும் ஓய்வுச் சுற்று கிடையாது. தொலைக்காட்சிக்கு இது வசதி, புதிதாகப் பார்ப்பவர்களுக்கும் எளிது. ஆனால் அதற்கு விலை ஒன்று உண்டு. எட்டு அணிகள் இரண்டு அரையிறுதியாகப் பிரிந்து வியாழக்கிழமை மோதும். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் மட்டும் சனிக்கிழமைக்குப் போகும். சனிக்கிழமை எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். ஜனவரி முதல் வாராவாரம் ஆடிச் சேர்த்த தரவரிசை, சராசரி எதுவும் அங்கே துணைக்கு வராது.

2024-இல் ஓக்லஹோமாவுக்கு நடந்தது இதுதான். கே.ஜே. கிண்ட்லர் பயிற்றுவிக்கும் அந்த அணி 2022, 2023 இரண்டு ஆண்டும் சாம்பியன். தொடர்ந்து மூன்றாவது பட்டம் கிட்டத்தட்டக் கையில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள், நாட்டின் முதல்நிலை அணியும் அதுதான். அரையிறுதியின் முதல் சுற்று வால்ட். ஒருவர் பின் ஒருவராகத் தரையிறங்குவதில் சொதப்பினார்கள். ஒரு பிழையைத்தான் கழிக்க முடியும், அன்று ஒன்றோடு நிற்கவில்லை. அரைமணி நேரத்துக்குள் பருவம் முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் மூன்று கருவிகள் ஆட வேண்டியிருந்தது. இறுதியில் 196.6625. யூட்டாவும் ஃப்ளோரிடாவும் முன்னேறின.

அந்த மூன்று சுற்றுகளில் ஓக்லஹோமா ரசிகர்கள் உட்கார்ந்திருந்த நிலையைத்தான் நீங்கள் துக்க வீடு என்கிறீர்கள். கிரிக்கெட்டில் விக்கெட் போனாலும் அடுத்தவன் அடித்து ஈடுகட்டலாம். இங்கே மேலே உச்சவரம்பு இருக்கிறது, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 10-க்கு மேல் போக முடியாது. இழந்ததைத் திரும்ப எடுக்க ஒரே வழி, எதிரணியும் விழுவது. அப்படி நடக்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசைப்படுவதை இந்த ரசிகர்களில் பெரும்பாலோர் அசிங்கமாக நினைக்கிறார்கள். கோபத்தைக் காட்ட இடமில்லாமல், நம்பவும் முடியாமல் அப்படியே உறைந்து உட்காருகிறார்கள்.

மறு ஆண்டு அதே இடத்தில் எல்எஸ்யூ. 2024-இன் சாம்பியன், முதல்நிலை அணியாகவே வந்தது. யூட்டா 197.7625, யூசிஎல்ஏ 197.7375, எல்எஸ்யூ 197.525. இங்கே பேரழிவு எதுவும் இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் கழித்தல்கள். என்னைக் கேட்டால் இது ஓக்லஹோமாவின் சரிவை விடக் கொடுமை. இன்னதால் தோற்றோம் என்று சுட்டிக்காட்ட ஒரு நொடிகூட இல்லை. சனிக்கிழமை ஓக்லஹோமா 198.0125 எடுத்துத் தன் ஏழாவது பட்டத்தை வென்றது.

மிசௌரி ரசிகர்கள் ஏன் குதித்தார்கள் என்பது இப்போது புரியும். அந்தக் கல்லூரி முதல்முறையாக இறுதி நால்வரில் வந்தது. அது மட்டுமில்லை, யூட்டாவின் 197.2375-ஐ 0.0125 வித்தியாசத்தில் தாண்டியது. அவர்களின் ஹெலன் ஹூ ஆட்டத்தை விட்டுவிட்டு உலகம் சுற்றப் போய், ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து, பீமில் தேசிய சாம்பியன் ஆனார். மூன்றாம் இடத்துக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றால், ஆமாம், அவர்களுக்கு அது தகும்.

அதே மூன்றாம் இடம் யூட்டாவுக்கு வேறு மாதிரி வலி. 1982-இல் இந்த சாம்பியன்ஷிப் தொடங்கிய ஆண்டே வென்ற அணி அது. தொடர்ந்து ஐந்து முறை வென்றது, மொத்தம் ஒன்பது பட்டம். 2025 வரை ஒரு முறைகூட தேசியப் போட்டிக்குத் தகுதி பெறத் தவறாத அணி. சால்ட் லேக் சிட்டியில் பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்காக நிறைகிறது. கடைசிப் பட்டம் வந்தது 1995-இல். 2021, 2022, 2023, 2024 என நான்கு ஆண்டும் வரிசையாக மூன்றாம் இடம். தாத்தா பாட்டி காலத்திலிருந்து சீட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள் கைதட்டுவதில் குறைவைப்பதில்லை, ஆனால் நான்காவது முறை மூன்றாம் இடத்துக்கு ஒருவர் எப்படித்தான் சிரிப்பார்?

மகிழ்ச்சியின் உச்சம் பார்க்க வேண்டும் என்றால் 2024 இறுதியின் கடைசிச் சுற்றைத் தேடிப் பாருங்கள். டி-டி ப்ரோ என்ற பெண்மணி 1977 முதல் 2020 வரை எல்எஸ்யூவைப் பயிற்றுவித்தார். ஜிம்னாஸ்டிக்ஸை யாரும் மதிக்காத காலத்தில் தொடங்கி, பதின்மூன்றாயிரம் பேர் கொள்ளும் அரங்கத்தை நிரப்பும் அளவுக்கு வளர்த்தவர். 2016, 2017, 2019 மூன்றிலும் இரண்டாம் இடம். பட்டம் இல்லாமலே ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த ஜே கிளார்க்கும் அடிபட்டவர்தான். பத்துப் பட்டம் வென்ற ஜார்ஜியாவில் சூசன் யோகுலனுக்குப் பிறகு தலைமைப் பொறுப்பேற்று, 2010-இல் தேசியப் போட்டிக்கே தகுதி பெறாமல் போன கசப்பைச் சுமந்தவர். அந்த இரண்டு பேரின் கதையும் ஒரே பீமில் வந்து சேர்ந்தது. கடைசிச் சுற்று பீம், அலியா ஃபின்னகன் 9.95, எல்எஸ்யூ 198.225. லூசியானா ரசிகர்கள் அன்று அழுததில் முக்கால் பங்கு ப்ரோவுக்காக என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தியாவில் அப்போது ஞாயிறு அதிகாலை. விழித்திருந்து பார்த்த நமக்கே தூக்கம் போய்விட்டது.

எதிரணிக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு காரணம், ஆட்டத்தின் அமைப்பு. இதில் யாரும் யாரையும் தடுப்பதில்லை, தள்ளுவதில்லை. எதிரணிப் பெண்ணின் நல்ல ஆட்டம் உங்கள் அணியின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. பீமிலிருந்து விழுந்த பெண் மறுபடி ஏறும்போது அரங்கம் முழுவதும் கைதட்டுவது இங்கே ஊறிப்போன பழக்கம், அவள் எந்த நிறச் சட்டை என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவர்களில் பலரை ரசிகர்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். சூனி லீ, ஜேட் கேரி, ஜோர்டன் சைல்ஸ் போன்ற ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் கல்லூரி அணிகளில் ஆடினார்கள். மாணவர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் விதி தளர்ந்த பிறகு, வருமானத்தையும் கல்லூரி ஆட்டத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடிந்தது. காயத்திலும் கடும் பயிற்சியிலும் நொந்துபோய் வந்து, கல்லூரியில் மறுபடி சிரிக்கக் கற்றுக்கொண்ட பெண்களும் நிறைய. 2019 ஜனவரியில் உலகமே பார்த்த கேட்லின் ஒஹாஷியின் ஃப்ளோர் அப்படிப்பட்டதுதான். அந்த வீடியோவில் அவருக்குப் பின்னால் ஓரத்தில் நிற்கும் தோழிகளைக் கவனியுங்கள். நடன அசைவுகள் ஒவ்வொன்றையும் அவர்களும் சேர்ந்து செய்கிறார்கள். 2023 இறுதியில் ஃப்ளோரிடாவின் ட்ரினிட்டி தாமஸ், கால் காயத்தோடு வால்ட் ஓடி 10 வாங்கி, கல்லூரி வாழ்க்கையில் மொத்தம் 28 பத்துகள் என்ற சாதனையைச் சமன் செய்தார். பட்டம் ஓக்லஹோமாவுக்குப் போன இரவு அது. ஆனாலும் அந்த 28-ஐப் பற்றிப் பேசாத ஜிம்னாஸ்டிக்ஸ் ரசிகர் இல்லை.

எல்லாக் கூட்டமும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சமூக ஊடகத்தில் பல லட்சம் பேர் பின்தொடரும் எல்எஸ்யூவின் லிவ்வி டன்னுக்காக, 2023 ஜனவரியில் யூட்டாவில் இளைஞர் கும்பல் ஒன்று திரண்டு கூச்சல் போட்டது. மற்ற வீராங்கனைகளுக்கும் அது இடைஞ்சல் ஆனது, எல்எஸ்யூ பாதுகாப்பை அதிகரிக்க வேண்டியதாயிற்று. அன்று அதை முதலில் கண்டித்தவர்களில் வழக்கமான ரசிகர்களும் இருந்தார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவனுக்கும் ஆளைப் பார்க்க வருகிறவனுக்கும் வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடைசியாக நடுவர்கள். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டா? ஓரளவு உண்டு.

தேசியப் போட்டியில் ஒரு கருவிக்கு நடுவர்கள் அதிகம். உச்ச மதிப்பெண்ணையும் அடி மதிப்பெண்ணையும் நீக்கிவிட்டு, மீதியின் சராசரியை எடுக்கிறார்கள். 0.0125 என்ற விசித்திரமான எண் அங்கிருந்துதான் வருகிறது. அந்த முறை தாங்கும். அங்கே ஒரு நடுவர் தங்கள் அணிக்கு எதிராகச் சதி செய்துவிட்டார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் மெதுவாக ஓடும் வீடியோவில் நான்கு தடவை பார்க்கும் முழங்கால் வளைவை, அவர் ஒரே தடவை, ஒரே கோணத்தில், நொடிப்பொழுதில் பார்க்கிறார்.

பிரச்சினை இருப்பது பருவத்தின் வாராந்திரப் போட்டிகளில். அங்கே பெரும்பாலும் ஒரு கருவிக்கு இரண்டே நடுவர்கள். சொந்த ஊர் அரங்கம், மாணவர் பகுதியில் 10 என்று எழுதிய அட்டைகள், ஒவ்வொரு இறக்கத்துக்கும் "டென்! டென்!" என்ற முழக்கம். எல்லோருக்கும் 9.9, 9.95 என்று தாராளமாக வருகிறது. அப்படி ஏறிய மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது, தரவரிசைதான் யார் யாரோடு மோதுவது என்பதைத் தீர்மானிக்கிறது. பிறகு ஏப்ரலில் கண்டிப்பான நடுவர்கள் முன் அதே அணி 197.5-இல் நிற்கும்போது, வீட்டில் 198-ஐத் தாண்டிப் பழகிய ரசிகனுக்கு அது திருட்டாகத் தெரிகிறது. திருடு போனது எதுவும் இல்லை, ஜனவரியில் கொடுத்ததுதான் கூடுதல்.

சிலர் 10-ஐயே எடுத்துவிட்டு சர்வதேச முறைக்குப் போகலாம் என்கிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாத ஒரு பத்து வயதுப் பெண்ணும் முதல் நாளே புரிந்துகொள்ளும் எண் அது. 2016 பருவத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். எல்லோரும் செய்யும் யுர்ச்சென்கோ ஃபுல் (காற்றில் உடலை ஒரு முழுச் சுற்றுத் திருப்புவது) வால்ட்டின் தொடக்க மதிப்பை 9.95 ஆக்கி, இன்னும் அரைச் சுற்று சேர்த்தால்தான் 10 என்று வைத்தார்கள். வால்ட்டில் அணிகளைப் பிரித்துக் காட்ட அது நன்றாகவே உதவியது. அதேபோல மற்றக் கருவிகளிலும் கொஞ்சம் இறுக்கலாம். அதைவிட அவசரமானது, வாராந்திரப் போட்டிகளிலும் கருவிக்கு நான்கு நடுவர்களை உட்காரவைப்பது. பெரிய கல்லூரிகளுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை. சிறிய கல்லூரிகளுக்குக் கஷ்டம்தான், அவர்களுக்கு சாம்பியன்ஷிப் வருமானத்திலிருந்து ஒதுக்கிக் கொடுக்கலாம். 2023 இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள், பணமே இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.